மைலோவின் கன்றும் என் தோளும்



பண்டைக் கிரேக்க மக்களிடையே மைலோ என்றொரு மல்லன் வாழ்ந்தான். தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறியிருந்த குரோட்டன் என்னும் நகரம் அவனுடைய ஊர். காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. ஒலிம்பிய விழாவின் மற்போரில் அவன் ஆறு முறை வாகை சூடினான். அவற்றுள் ஒன்று சிறுவர்க்குரிய போட்டியில் பெற்றது. அவனைப் பற்றிப் பிற்காலத்தார் பல கதைகளை எழுதி வைத்தனர். அவற்றுள் மூன்றை மட்டும் இன்று உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

முதற்கதை பலரும் அறிந்தது. மைலோ ஓர் இளங்கன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான். கன்று வளர்ந்தது, அதனோடு அவன் வலிமையும் வளர்ந்தது. கன்று காளையான நாளிலும் அவன் அதைத் தூக்கி நடந்தான் என்பர்.

இரண்டாவது கதையை உரோம நாட்டு அறிஞர் சிசரோ, முதுமையைப் பற்றிக் கி.மு. 44இல் எழுதிய நூலில் கூறுகிறார். முதியவனான மைலோ, பயிற்சிக் களத்தில் இளைஞர்கள் பயில்வதைக் கண்டான். தன் கைகளை நோக்கினான். இவை இறந்துவிட்டனவே என்று கண்ணீர் விட்டான்.

மூன்றாவது கதையை எழுதியவர் ஆலஸ் கெல்லியஸ். வயது முதிர்ந்து, பயிற்சியைக் கைவிட்டுவிட்ட மைலோ ஒரு நாள் காட்டு வழியே தனியே சென்றான். நடுவே பிளந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டான். பழைய வலிமை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆசை எழுந்தது. பிளவில் கைகளை நுழைத்து மரத்தைப் பிளக்க முயன்றான். மரம் சற்றே விலகிப் பின் மூடிக்கொண்டது. கை சிக்கிய மைலோ காட்டு விலங்குகளுக்கு இரையானான்.

இம்மூன்று கதைகளையும் நான் இளமையிலேயே படித்திருந்தேன். ஆயினும் அவற்றுள் மூன்றாவது என்னைப் பற்றியது என்பது என் 58ஆம் வயதில்தான் எனக்கு விளங்கிற்று.

இளமையில் பளு தூக்கும் பழக்கம் உடையவனாக இருந்தேன். பெரிய வீரன் அல்லேன். எனினும் 60 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தி நிறுத்துவேன். பின்னர் உத்தியோகமும் குடும்பப் பொறுப்பும் சேர்ந்து அப்பழக்கத்தை விழுங்கின. பதினைந்து ஆண்டுகள் இரும்பைத் தொடவில்லை. ஒரு நாள் என் மகன் பயிலும் கூடத்துக்கு அவனைத் தேடிச் சென்றேன். அங்கே தரையில் ஒரு தண்டு கிடந்தது. அதில் மாட்டியிருந்த வட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக 60 கிலோ. மைலோவுக்கு மரம் தோன்றியது போல் எனக்கு அத்தண்டு தோன்றியது. மார்பு வரை வந்தது. நெற்றி வரை சென்றது. அதற்குமேல் வலத்தோளில் துணி கிழிவது போன்றதோர் உணர்வு. அவ்வளவுதான்.

அதன்பின் சட்டை அணிவதற்கு மகனின் உதவி வேண்டியதாயிற்று. தலை வாரக் கை எழவில்லை. பரணிலிருந்து ஒரு செம்பை எடுக்க இயலவில்லை. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், தோளின் தசைநாண் ஒன்று பாதியளவு கிழிந்திருப்பதாகவும், அறுவை இப்போது வேண்டியதில்லை என்றும் கூறினார். நன்று. பின்னர் அவர் கூறியவை இரண்டே சொற்கள். ஒன்று ஓய்வு, மற்றொன்று வயது. கைக்கு ஓய்வு கொடுங்கள். இந்த வயதில் பளு எதற்கு என்பது அவர் கருத்து. மூன்று மாதம் ஓய்வு கொடுத்தேன். வலி குறைந்தது; கையோ மெலிந்து போயிற்று; உயரவும் மறுத்தது. ஒருநாள் கண்ணாடி முன் நின்று இரு தோள்களையும் ஒப்பிட்டு நோக்கினேன். அப்போது மைலோவின் இரண்டாவது கதையும் எனக்கு விளங்கிற்று.

ஓய்வு, வயது என்னும் இவ்விரண்டு சொற்களும் மருத்துவ உலகில் எங்ஙனம் இத்துணைச் செல்வாக்குப் பெற்றன என்று ஆராயத் தொடங்கினேன். அந்த ஆராய்ச்சியின் பயனே இவ்வுரை.

முதலில் ஓய்வைக் காண்போம். இலண்டன் மாநகரில் ஜான் ஹில்ட்டன் என்னும் அறுவை மருத்துவர், 1860 முதல் 1862 வரை ஓய்வும் வலியும் என்னும் பொருள் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1863இல் அவை நூலாக வெளிவந்து, பல தலைமுறை மருத்துவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கின. உடல் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டுவது அமைதி. வலி என்பது அந்த அமைதியைக் கேட்கும் குரல் என்பது அவர் கொள்கை. அவரை நாம் குறை கூறுதல் தகாது. அக்காலத்தில் எலும்புக்குள் நடப்பதைக் காட்டும் எக்ஸ்-கதிர் இல்லை. அது 1895இல்தான் வந்தது. புண்ணில் நஞ்சேறாமல் காக்கும் முறைகளும் அப்போது பரவவில்லை. மூட்டுகளைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தகைய மூட்டை அசைப்பது தீமையே செய்தது. ஆகவே ஓய்வு அன்று உயிர் காத்தது. ஆனால் ஒரு நோய்க்குச் சொன்ன மருந்தை எல்லா நோய்க்கும் கொடுத்தபோது வேறொரு கேடு விளைந்தது. எலும்பு சேர்ந்தது; தசை தேய்ந்தது. புண் ஆறியது, கை எழவில்லை.

தோள் மூட்டுக்கு இந்தக் கேடு பிற மூட்டுகளைவிட மிகுதி. காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ கிண்ணம் ஆழமற்றது. ஒரு பந்தைச் சிறு தட்டின்மேல் வைத்தாற் போன்றது. அதனால்தான் கையை முன்னும் பின்னும் மேலும் சுழற்ற முடிகிறது. அந்தப் பந்து தட்டைவிட்டு நழுவாமல் காப்பவை நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். அவை எலும்பின் தலையை உறை போலச் சூழ்ந்து பிடிக்கின்றன. வெளியே தெரியும் பெருந்தசை கையை உயர்த்தும்போது, உள்ளிருக்கும் இந்நான்கும் பந்தைத் தட்டின் நடுவே நிறுத்துகின்றன. இவை மெலிந்தால், மேலே எத்துணை வலிமை இருப்பினும் பயனில்லை.

தோளைப் பற்றி முதன்முதலாக ஒரு முழு நூல் எழுதிய பெருமை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமரி காட்மனுக்கு உரியது. அவர் பிறந்தது 1869இல். விசித்திரமான மனிதர். தாம் அறுவை செய்த ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்துத் தேடிப்பிடித்து, குணமாயிற்றா, இல்லையேல் ஏன் என்று எழுதி வைத்தார். எல்லா மருத்துவமனைகளும் அவ்வாறே தம் பிழைகளை வெளியிட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அதனால் அவருக்குப் பகைவர் பெருகினர் என்று சொல்லவும் வேண்டுமோ? அவர் 1909இல் கிழிந்த தோள் தசைநாண்களைத் தைத்து, 1911இல் அதனை வெளியிட்டார். 1934இல் தம் பெருநூலை அச்சிட்டார். 1940இல் காலமானார்.

காட்மன் விட்டுச் சென்றவற்றுள் எளியது ஒன்று இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நோயாளி முன்னே குனிந்து, நல்ல கையை ஒரு மேசைமேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். நோயுற்ற கையைக் கடிகாரத்தின் ஊசல் போலத் தொங்க விட்டு, உடலை அசைத்து அதை ஆட வைக்க வேண்டும். தோள் தசை கையை உயர்த்துவதில்லை. பூமியின் ஈர்ப்பே கையை மூட்டிலிருந்து மெல்ல இழுக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது எழ மறுக்கும் கை, குனிந்து நிற்கும்போது வலியின்றி அதே கோணத்தை அடைகிறது. தேவையான அசைவைப் பளுவின்றிப் பெறும் வழியை அவர் கண்டார்.

பளுவின்றி என்றேன். வெறுங்கை பளுவற்றது என்று நாம் எண்ணுகிறோம். அது பிழை. 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய ஒரு கையின் எடை ஏறக்குறைய 3 கிலோ. அதனைப் பக்கவாட்டில் நீட்டினால், அதன் எடை தோளிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் நின்று கீழே இழுக்கிறது. அதைத் தாங்கும் தசையோ மூட்டிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தொலைவில் நின்று மேலே இழுக்கிறது. நெம்புகோலின் கணக்குப்படி, பத்தில் ஒரு பங்கு தொலைவில் நிற்பது பத்து மடங்கு இழுக்க வேண்டும். ஆகவே வெறுங்கையை நீட்டவே தசை 30 கிலோ அளவுக்கு இழுக்கிறது. நீட்டிய கையில், 60 சென்டிமீட்டர் தொலைவில், ஒரு கிலோவைப் பிடித்தால் மேலும் 20 கிலோ கூடுகிறது. நோயுற்ற தோளுக்கு ஒரு கிலோ என்பது சிறிய அளவன்று என்பதை இக்கணக்குக் காட்டும்.

இங்கே மைலோவின் கன்றுக்குத் திரும்ப வேண்டும். சிறிது சிறிதாகப் பளுவைக் கூட்டுக என்பது அக்கதையின் நீதி. ஆயினும் அக்கன்றிடம் ஒரு குறை உண்டு. அது வளருமேயன்றிக் குறையாது. காயமுற்றவனும் முதியவனும் நேற்றைய பளுவிலிருந்து இறங்கிவர வேண்டும், கன்று இறங்காது.

நம் நாட்டு வழக்கமும் அத்தகையதே. தென்மாவட்டச் சிற்றூர்களில் மந்தையருகிலும் கோயில் முன்னும் உருண்டு திரண்ட ஒரு கல்லைக் காணலாம். அதற்கு இளவட்டக்கல் என்று பெயர். ஊர் இளைஞர்கள் அதைத் தூக்கித் தோள்மேல் ஏற்றிப் பின்புறம் எறிவர். ஓர் இளைஞன் ஆளாகிவிட்டான் என்பதற்கு அக்கல்லே சான்று. ஆனால் கல் என்றும் ஒரே எடை. அதைத் தூக்கினால் இளவட்டம், தூக்காவிட்டால் இல்லை. பாதிக்கல் என்பது கிடையாது. முதியவருக்கென ஒரு கல்லை எந்த ஊரும் போட்டு வைக்கவில்லை.

எடையைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய கருவி எளிதில் கிடைக்கும் பொருளானது அண்மைக் காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டுப் பயில்வான்களின் தண்டுகள் பெரும்பாலும் இருபுறமும் இரும்புக் குண்டு வார்த்தவை, எடை மாறாதவை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆலன் கால்வர்ட் என்பவர் 1902இல் ஒரு நிறுவனம் தொடங்கி, எடை மாற்றத்தக்க தண்டுகளைச் செய்து விற்கலானார். அந்நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் என்ன தெரியுமா? மைலோ! கன்றுக்குக் குறைந்தும் பழக அவர் கற்றுக்கொடுத்தார் எனலாம். எனினும் அந்த இரும்பை மருத்துவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பளு தூக்கினால் தசை இறுகும், மூட்டு விறைக்கும், இதயம் கெடும் என்பதே அன்றைய நம்பிக்கை.

அந்நம்பிக்கையை உடைத்தவர் தாமஸ் டிலோர்ம். இவர் 1917இல் பிறந்தவர். இளமையில் கீல்வாதக் காய்ச்சல் இவரைப் படுக்கையில் தள்ளியது. இதயம் பழுதுற்றதென அஞ்சிய மருத்துவர்கள் கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொன்னார்கள். அவரோ எடுக்கத்தக்க இரும்பைச் சேர்த்துத் தாமே பளுக்களைச் செய்து, மெல்ல மெல்லப் பயின்று வலிமை பெற்றார். பின்னர் மருத்துவமும் கற்றார். இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த 1944ஆம் ஆண்டில், சிகாகோ நகரில் இருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்தார். முழங்கால் காயமுற்ற படைவீரர்களால் அம்மருத்துவமனை நிறைந்திருந்தது. காயம் ஆறியும் கால் தேறவில்லை. மாதக்கணக்கில் கட்டில்கள் காலியாகவில்லை. இலேசான பயிற்சியைப் பலநூறு முறை செய்யச் சொல்வதே அன்றைய வழக்கம். அதனால் களைப்பு வந்ததேயன்றி வலிமை வரவில்லை.

டிலோர்ம் தம் இளமையை நினைத்துப் பார்த்தார். இரும்பாலான ஒரு காலணியைச் செய்து, அதில் வட்டுகளை மாட்டி, அமர்ந்தவாறே முழங்காலை நீட்டச் செய்தார். ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்கவல்ல எடை எது என்று கண்டறிவார். அதுவே அந்த வாரத்தின் அளவு. அடுத்த வாரம் மீண்டும் சோதிப்பார், அளவு கூடியிருக்கும். தேய்ந்த கால்கள் திரண்டன. நோயாளிகள் வியக்கத்தக்க விரைவில் நடந்தனர். 1945இல் அவர் இதனை எலும்பு மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். முதலில் பத்துப் பத்து முறையாக ஏழு முதல் பத்துச் சுற்றுகள் செய்யச் சொன்னவர், 1948இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்பவரோடு எழுதிய கட்டுரையில் மூன்று சுற்றுகளே போதும் என்றார். முதற்சுற்றில் அளவில் பாதி. இரண்டாம் சுற்றில் முக்கால். மூன்றாம் சுற்றில் முழு அளவு. 1951இல் இருவரும் நூலாகவும் எழுதினர். இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் பத்து முறை, மூன்று சுற்று என்று ஓதப்படுகிறதே, அந்த மந்திரத்தின் பிறப்பிடம் போர்க்கால மருத்துவமனை ஒன்றின் வார்டு என்பதைப் பயில்வோருள் பலர் அறியார்.

அவருடைய முறையில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. இளம்பிள்ளை வாதத்தால் தசை செயலிழந்து, தன் காலின் எடையையே தூக்க இயலாதவர்க்கு அவர் என்ன செய்தார்? கப்பி ஒன்றில் கயிறிட்டு, மறுபுறம் எடை தொங்கவிட்டு, உறுப்பின் எடையில் ஒரு பகுதியை அக்கயிறு தாங்கச் செய்தார். நாளடைவில் அந்த உதவி எடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். பூச்சியத்துக்கும் கீழிருந்து அவருடைய ஏணி தொடங்கியது. பளுவைப் பெரிதாக்கும் கலையை மைலோ அறிந்திருந்தான். பளுவைச் சிறிதாக்கும் கலையை நோயுற்றோர்க்குக் கொணர்ந்தவர் டிலோர்ம்.

ஓய்வு என்னும் சொல் இவ்வாறு தன் எல்லைக்குள் அடங்கியது. வயது என்னும் சொல் மேலும் நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. முதியவர் தசை பயிற்சிக்கு வளைந்து கொடுக்காது என்றே பலரும் எண்ணினர். 1988இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், 60 முதல் 72 வயது வரையுள்ள ஆடவர்க்குப் பன்னிரண்டு வாரம் கடும்பளுப் பயிற்சி அளித்தனர். தொடையின் முன்தசை வலிமை இரு மடங்குக்குச் சற்று மேலாயிற்று. 1990இல் மரியா பியாட்டரோனி என்னும் அம்மையார் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு இன்னும் துணிவானது. முதியோர் இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையுள்ள, உடல் நலிந்த பத்துப்பேரை அவர் தேர்ந்தார். பயிற்சி எட்டு வாரம். முழுதும் பயின்றவர்களின் தொடை வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. இருவர் கைத்தடியைக் கைவிட்டனர். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் பெற்ற வலிமையில் ஒரு பகுதி கழிந்தும் போயிற்று. இரண்டு செய்திகளும் நமக்கு வேண்டியவை. தொண்ணூறிலும் தசை செவிசாய்க்கிறது. அழைப்பு நின்றால் மீண்டும் உறங்குகிறது.

வயதால் தசை தேய்வதற்கு 1989இல்தான் ஒரு பெயரே சூட்டப்பட்டது. சார்க்கோபீனியா என்று அதனைக் குறிக்கின்றனர். பெயரில்லாத நோய்க்கு மருந்து தேடுவார் இலர் அல்லவா?

முன்பு பயின்று கைவிட்டவர்க்கு மற்றொரு நற்செய்தியும் உண்டு. பளுவால் வளரும் தசையிழைக்குள் உயிரணுக் கருக்கள் பெருகுகின்றன. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் எலிகளிடம் கண்டது யாதெனில், தசை பிறகு மெலிந்தபோதும் அக்கருக்கள் அழியாமல் தங்கின என்பதே. மனிதரிடத்தும் இது அவ்வாறே என்று நான் அறுதியிட்டுக் கூற மாட்டேன். ஆயினும் ஒருமுறை கற்ற தசை மறுமுறை விரைந்து கற்கிறது என்பது பயில்வோர் அனுபவம். அமெரிக்க வீரர் நார்பர்ட் ஷெமான்ஸ்கியை எண்ணிப் பாருங்கள். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்றவர். பின்னர் முதுகில் இருமுறை அறுவை செய்துகொண்டார். அவர் கதை முடிந்தது என்றனர். 1960இல் ரோமிலும், 1964இல் தம் நாற்பதாம் வயதில் டோக்கியோவிலும் வெண்கலப் பதக்கம் பெற்றார். இழந்த பொன்னை அவர் மீட்கவில்லை. இழந்த மேடையை மீட்டார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தசை வாரங்களில் வலுப்பெறும். தசைநாணோ இரத்த ஓட்டம் குறைந்தது. அதற்கு மாதங்கள் வேண்டும். வலிமை திரும்பிவிட்டதென்று தசை கூறும்போது தசைநாண் அதற்கு உடன்பட்டிராது. இரண்டாம் காயங்கள் இந்த இடைவெளியில் நிகழக்கூடும். மேலும், விழுந்தோ தூக்கியோ அடிபட்டுக் கை அறவே எழாமல் போனால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்; சில கிழிசல்களுக்குக் காலத்தில் செய்யும் அறுவையே மருந்து. ஆனால் கிழிசல் என்ற சொல்லைக் கேட்டே நடுங்க வேண்டியதில்லை. தோள் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த 1995ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், அறுபது வயதைக் கடந்தோருள் பாதிக்கு மேற்பட்டவர்க்குத் தசைநாண் கிழிசல் காணப்பட்டது. அவர்கள் அதனை அறியாமலே வாழ்ந்து வந்தனர். தோளின் மேலெலும்பைச் சீவி இடம் உண்டாக்கும் அறுவை நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பைச் சீவியவர்க்கும், கருவியை நுழைத்துப் பார்த்ததோடு விட்டவர்க்கும் பயன் ஒன்றாகவே இருந்தது. ஒன்றும் செய்யாது விட்டவரினும் அவர்கள் பெற்ற மேன்மை மிகச் சிறிது.

இனி என் தோளுக்கு வருகிறேன். மூன்று மாத ஓய்வுக்குப் பின் பிசியோதெரபி கற்ற ஓர் இளம்பெண்ணிடம் சென்றேன். அவர் என்னைக் குனியச் சொல்லிக் கையை ஊசல்போல் ஆட்டச் சொன்னார். காட்மனை நான் அறிந்துகொண்டது பின்னர்தான். அடுத்து, சுவரில் விரல்களால் ஏறச் சொன்னார். அடுத்து, ஒரு கழியை இரு கையாலும் பிடித்து, நல்ல கையின் உதவியால் மற்றதை உயர்த்தச் செய்தார். ஆறாம் வாரம் என் கையில் அரைக்கிலோ எடையொன்றைக் கொடுத்தார்.

நான் சிரித்துவிட்டேன். "அறுபது கிலோ தூக்கியவனம்மா நான்" என்றேன்.

"எந்த வருஷம் ஐயா?" என்று கேட்டார் அவர்.

எனக்கு விடை வரவில்லை. அன்று மாலை கடைக்குச் சென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதன் முதற்பக்கத்தில் தேதியிட்டு, அரைக்கிலோ, பத்து முறை, மூன்று சுற்று என்று எழுதினேன். பழைய எண்களை அதில் எங்கும் எழுதுவதில்லை என்று உறுதி பூண்டேன். சென்ற வாரத்தோடு மட்டுமே என்னை ஒப்பிடுவது என்பது அப்புத்தகத்தின் சட்டம்.

மூன்றாம் மாதம் இரண்டு கிலோ. ஆறாம் மாதம் ஐந்து கிலோ. வெறும் தண்டைத் தலைக்கு மேல் உயர்த்தியது பத்தாம் மாதத்தில். இடையில் ஒருமுறை ஆசை மீறிற்று. இரண்டு படிகளை ஒருசேரத் தாண்டினேன். மூன்று வாரம் பின்னே செல்ல நேர்ந்தது. அதனையும் எழுதி வைத்தேன். காட்மன் கற்பித்த நேர்மை அது. இப்போது எனக்கு வயது 61. இன்று என் அளவு 40 கிலோ. அறுபதை மீண்டும் தொடுவேனா என்பது தெரியாது. தொடாவிட்டாலும் குறையில்லை. சட்டையை நானே அணிகிறேன். பரணில் இருக்கும் செம்பு எனக்கு எட்டுகிறது. சென்ற பொங்கலன்று பேத்தியைத் தூக்கித் தோள்மேல் அமர்த்திக் கரும்பு வாங்கச் சென்றேன்.

மைலோ அழுதது முதுமையால் மட்டும் அன்று என்று இப்போது எனக்குப் படுகிறது. களத்தருகே நின்று தன் கைகளைப் பழைய கைகளோடு அவன் ஒப்பிட்டான். உள்ளே சென்று ஒரு சிறு கன்றைக் கேட்டுப் பெறும் எண்ணம் அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்த மரத்தடிக்கும் அவன் போயிருக்க மாட்டான். உள்ள வலிமைக்கேற்ப உள்ளதைக் கொண்டு செயலாற்றுவதே முதுமைக்கு அழகு என்று சிசரோவும் அந்நூலில் கூறுகிறார். அவர் கூறாதது ஒன்று உண்டு. உள்ள வலிமை அதே அளவில் நிற்க வேண்டுவதில்லை. அதனை வளர்க்கவும் முடியும். அதை அறிய மனித குலம் மேலும் இரண்டாயிரம் ஆண்டுகள் காத்திருந்தது.

தோளில் வலியுற்று, இனி நமக்கு இவ்வளவுதான் என்று வீட்டில் அமர்ந்திருக்கும் என் வயதினர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தக்கவரிடம் தோளைக் காட்டி, கிழிசலின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள். பின்னர் வெட்கமின்றி அரைக்கிலோவைக் கையில் எடுங்கள். அதனோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். என் புத்தகத்தில் நாளைக்குரிய வரியை இன்றே எழுதிவிட்டேன்: நாற்பதோடு இன்னும் அரைக்கிலோ.